முந்நூறு பாட்டிலிருந்து பத்து: பாட்டுக் கட்டுகிறவரின் நினைவுகளை ஆல்பமாக்கும் வேலை

தென் மாவட்டங்களில் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள் அறுபது வயதைத் தொடும்போது இருநூறு முந்நூறு பாட்டு கைவசம் கிடக்கும். நடவில் பாடியது, கும்மியில் சேர்த்தது, தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டியது, அம்மா செத்த அன்று வாயில் வந்தது, யாரோ கேட்டு மேடைக்கு எழுதிக் கொடுத்தது. பாதி முழுசாக இருக்காது. மகனோ பேத்தியோ "எல்லாத்தையும் பதிவு பண்ணிடலாம்" என்று ஆரம்பிப்பார்கள். முதல் குழப்பம் அங்கேதான். எல்லாவற்றையும் பதிவது ஆவண வேலை. அதைச் செல்போனிலேயே முடிக்கலாம், முடிக்கவும் வேண்டும். ஆல்பம் என்பது அதிலிருந்து ஒன்பது பத்துப் பாட்டை எடுத்து, 40 முதல் 45 நிமிடத்துக்குள் செய்வது. இரண்டையும் ஒன்றாக்கி ஸ்டுடியோ வாடகையில் செய்யப் போனால், பணம் ஆவணத்திலேயே தீர்ந்துவிடும். ஆல்பத்துக்கு வரும்போது குரலும் களைத்திருக்கும்.

கேட்டு வாங்குவது

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும்: கஷ்டப்பட்டேன், கலையால் நாலு பேருக்குத் தெரிந்தேன். அதில் பாட்டு இல்லை. பொருளைக் கேட்க வேண்டும். "அத்தே, நாத்துக்கட்டை யாரு தூக்கிட்டு வந்தாக?" "கஞ்சிக் கலயத்துக்கு மேல என்னத்தப் போட்டு மூடுவீக?" "நடவு வரிசையில ஒங்களுக்கு வலப்பக்கம் யாரு?" வலப்பக்கம் நின்ற ஆள் பெயர் வந்தால், அவள் எடுத்துக் கொடுத்த அடி பின்னாலேயே வரும்.

கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வயலில் பழகிய பாட்டு, கை சும்மா இருந்தால் பாதியில் நிற்கும். நிலக்கடலை உரித்தால் தோடு உடைகிற சத்தம் பதிவில் ஏறும். பூக் கட்டினால் சத்தமில்லை, தாளமும் கையில் இருக்கும். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதே பாட்டை ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். வரிகள் மாறும், கண்ணிகளின் (இரண்டிரண்டு அடியாக வரும் பாட்டுத் துண்டுகளின்) வரிசை மாறும். இரண்டு தடவையும் மாறாமல் வந்த வரிகள்தான் அந்தப் பாட்டின் முதுகெலும்பு. மாறியவை அன்றைய மனநிலைக்குச் சேர்த்தவை. ஆல்பத்துக்கு நீளம் குறைக்கும்போது கத்தரி எங்கே விழலாம் என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடும்.

செல்போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். சுருக்கப்பட்ட எம்பி3 வேண்டாம், வேவ் வடிவத்தில் பதியும் செயலி போதும். கோப்பின் பெயரிலேயே தேதி, ஊர், பாடியவர், பொருள் நான்கும் இருக்கட்டும். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை தொகுத்த நாட்டுப்பாடல்களில் பல பாட்டுகளின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் அச்சாகியிருக்கும். அறுபது ஆண்டு கழித்தும் அந்த ஒற்றை வரியால்தான் ஒரு பாட்டு எந்த வட்டாரத்தது என்று பேச முடிகிறது. எழுதி எடுக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "வாராக" என்று பாடியதை "வருகிறார்கள்" என்று எழுதி வைத்தால், பின்னால் அதைப் பார்த்துப் பாடவே முடியாது, அசை கூடிப்போகும்.

வீட்டில் பழைய கேசட்டுகள் இருந்தால் அவையும் நினைவுக் கிடங்குதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருவிழா மேடைகளில் பதிந்த 60 நிமிடக் கேசட்டுகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். முதலில் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னக் காதுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும், விட்டுவிட்டு வரும். ஐந்து திருகாணியுள்ள வேறொரு கூட்டுக்கு நாடாவை மாற்றினால் சரியாகும். ஒட்டி வார்த்த கூடாக இருந்தால் விளிம்பைக் கத்தியால் நெம்பித்தான் திறக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்க ஓடவிட்டு, கருவியின் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஓட்டுங்கள். ஜால்ராவின் கூர்மை கேட்கவில்லை என்றால், தலையின் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் பளிச்சென்று திறக்கும். ஒலியை வயர் வழியாகக் கணினிக்கு எடுக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்துப் பதிந்தது எதற்கும் ஆகாது.

சேர்ந்த நினைவுகளை அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள்: ஆள், இடம், பொருள், ஒலி. நான்காவதை மட்டும் விடாதீர்கள். கவலையின் (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பின்) உருளைக் கிரீச்சா, உலக்கையா, மில் சங்கா, பொழுது விடியும் முன் வாசல் தெளிக்கிற சத்தமா? ஒலி இல்லாத அட்டைகள் பெரும்பாலும் பேச்சாகவே முடிகின்றன, பாட்டாக எழும்புவதில்லை.

எந்த நினைவுக்கு எந்தப் பாட்டு

வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகப் பாட்டாக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் திட்டம். பெரும்பாலும் சலிப்பாக முடியும் திட்டமும் அதுதான். ஆண்டு வரிசையைத் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு நினைவும் எந்தப் பாட்டு வகையின் உடலசைவோடு சேர்ந்தது என்று பாருங்கள். நாட்டுப்பாட்டின் வகைகள் எல்லாம் ஒரு வேலையில் இருந்தோ ஒரு சடங்கில் இருந்தோ வந்தவை. அந்த அசைவு மெட்டுக்குள் இருக்கிறது.

நடவுப்பாட்டில் ஒருத்தி எடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள். குனிந்தபடி பாடுவதால் அடி குட்டை, மூச்சு குட்டை. கூட்டமாகச் செய்த எதையும் அதில் சொல்லலாம்: கூலி கேட்டு நின்றது, வெள்ளத்தில் வீடு மாறியது. தனிமையை அதில் சொல்லப் போனால் பின்பாட்டு வந்து கெடுத்துவிடும். தாலாட்டு தொட்டிலின் ஆட்டத்தில் போகிறது. மாமன் சீர் சொல்வது அதன் இயல்பு. அண்ணன் தம்பி உறவு முறிந்த கதையைத் தாலாட்டு மெட்டில் வைத்தால், வராத மாமனின் சீரைப் பட்டியலிடுவதே பாட்டாகிவிடும், விளக்கம் தேவைப்படாது. தெம்மாங்கு வண்டித் தடத்துக்கும் காட்டு வழிக்கும் உரியது, ஆள் தொலைவில் இருக்க எட்டிப் பாடுவது. காதல், கேலி, பிரிந்து போனவன் எல்லாம் அதற்குள் வரும். ஏற்றப்பாட்டில் எண்ணிக்கை உண்டு, சால் (நீர் இறைக்கும் பாத்திரம்) எத்தனை இறைத்தோம் என்ற கணக்குப் பாட்டோடு ஓடும். வறட்சியைப் பற்றி எழுதுகிறவருக்கு அந்த எண்ணிக்கையே ஆயுதம்: எண் ஏற ஏறத் தண்ணீர் குறைகிறது என்று எழுதினால் போதும்.

ஒப்பாரிக்குத் தாளக்கட்டு கிடையாது. இறந்தவரை விளித்து, அடியின் கடைசியில் குரல் இறங்கி, அழுகையில் முடியும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி எடுப்பதைப் பலர் ஆகாது என்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று வாதாடி ஜெயித்து ஒரு பதிவு வாங்கினால், தயங்கித் தயங்கிப் பாடிய பதிவுதான் கிடைக்கும். நாளும் இடமும் அவரே சொல்லட்டும். வீட்டுக்கு வெளியே ஒரு தோப்போ கொட்டகையோ பாருங்கள், மற்ற பாட்டெல்லாம் முடிந்த பிறகு வையுங்கள். ஒரு தடவைக்கு மேல் கேட்காதீர்கள்.

எழுதும் முறையில் சினிமாப் பாட்டின் வாடை புகுந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. பஞ்ச காலத்தில் பிள்ளைகளுக்குக் கேப்பைக் கூழை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தானும் குடித்ததாகச் சொல்லிச் சட்டியைக் கவிழ்த்து வைத்த அம்மா என்று ஒரு நினைவு இருக்கிறது என்று வையுங்கள். முதல் வரைவு பெரும்பாலும் "அம்மா உன் அன்புக்கு ஈடேது இணையேது" என்றுதான் வரும். அந்த வரி எந்த அம்மாவுக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் ஒட்டாது. அட்டைக்குத் திரும்புங்கள். பொருள்: கவிழ்த்த சட்டி. அவள் குடிக்கவில்லை என்பது எப்படித் தெரிந்தது? கூழ் குடித்திருந்தால் கை ஈரமாக இருந்திருக்கும்.

கவுத்துவச்ச சட்டியில காந்தல்கூட இல்லையம்மா
காஞ்சிருந்த கைவிரலு காட்டிக்குடுத்திருச்சேம்மா

காந்தல் என்றால் சட்டியில் அடிப்பிடித்தது. அன்பு என்ற சொல்லே இல்லை. மோனை நாலு இடத்திலும் ககர வரிசையில் விழுகிறது. முதல் அடியின் முற்பாதியில் ஓர் அசை கூடுதல். "கவுத்து" என்பதை வேகமாக உருட்டிவிட்டால் மெட்டுக்குள் அடங்கிவிடும். இதைக் காகிதத்தில் எண்ணிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. முதலில் "தன்னன்னே தானன்னே" என்று மெட்டை மட்டும் இரண்டு மூன்று சுற்றுப் பாடிப் பதிந்துகொண்டு, அந்தச் சந்தத்தின் மேல் சொல்லை வைத்துப் பாடச் சொல்லுங்கள். இடறுகிற சொல் வாயிலேயே தெரியும். பாடுகிறவர் தானாக மாற்றிக்கொண்ட சொல்லை நீங்கள் திரும்ப மாற்றாதீர்கள்.

ஒரு பாட்டுக்கு ஒரு பொருள், ஐந்தாறு கண்ணி. மேடையில் பன்னிரண்டு நிமிடம் பாடியது ஆல்பத்தில் நான்கரை நிமிடம் ஆகும். புதிதாக எதையும் கொண்டுவராத கண்ணி எது என்று கேட்டுக் குறைக்க வேண்டும். பாடியவருக்கு வலிக்கும். முழுப் பாட்டும் ஆவணத்தில் இருக்கிறது என்பதால்தான் அப்போது சமாதானம் சொல்ல முடிகிறது.

உயிரோடு இருக்கும் ஆட்களின் பெயர்களைப் பாட்டில் மாற்றுங்கள், உறவை மாற்றாதீர்கள். மாமியார் மாமியாராகவே இருக்கட்டும். பழைய பாட்டுகளில் சாதிப் பெயர் வசவாக வரும் இடங்கள் உண்டு. அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். ஆனால் டீக்கடையில் தனிக் குவளை வைத்த சம்பவத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அது நினைவைச் சுத்தம் செய்வது ஆகாது, பொய் சொல்வது.

சுருதியும் வேகமும்

பதிவுக்கு முந்தின வாரமே பாடகரின் கட்டை, அதாவது அவர் பாடும் சுருதி, எது என்று பார்த்துவிடுங்கள். துணைக்கருவி எதுவும் இல்லாமல், வெவ்வேறு நாளில், மாலை நேரத்தில், அவர் போக்கில் பாடச் சொல்லி ஆதார சுருதியை ட்யூனர் செயலியில் குறியுங்கள். முப்பது வயதில் ஐந்து கட்டையில் பாடியவர் அறுபதில் நாலு, மூன்று என்று இறங்கியிருக்கலாம். பழைய கேசட்டில் இருக்கும் சுருதியிலேயே பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மேல் இடங்களில் கத்தல்தான் மிஞ்சும். கீபோர்டுக்காரர் தன் விரலுக்குத் தோதாக ஒரு கட்டையிலோ இரண்டிலோ வைத்துக்கொண்டு "இதுல பாடுங்கம்மா" என்பதும் அதே தப்பின் மறுபக்கம். குழல் கருவிகளின் சுருதியை நினைத்தபடி மாற்ற முடியாது. நாகசுரம் அவர் சுருதிக்கு வராது என்றால், குரல் ஓய்ந்த இடைவெளியில் மட்டும் வைக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

துணையில்லாமல் பாடும்போது கடைசிக் கண்ணிக்குள் சுருதி அரைக் கட்டை ஏறிவிடுவது சகஜம். தோல் கருவி மட்டும் இருக்கும் பாட்டில் அது குற்றமே இல்லை. ஆர்மோனியமோ கீபோர்டோ சேரப்போகிறது என்றால், பாடும்போது ஒரு காதில் மட்டும் மெல்லிய சுருதி கொடுங்கள். இரண்டு காதையும் மூடும் ஹெட்போன் போட்டால் பலருக்குப் பாட்டே மறந்துபோகும். கணினியில் சுருதி திருத்தும் மென்பொருளைத் தொடாமல் இருப்பது நல்லது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் இழைந்து போகும் குழைவைத்தான் அது முதலில் நேராக்கும். மிஞ்சுவது யாரோ ஒருவர் குரல்.

காதில் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும் கிளிக் சத்தத்தை வைத்துப் பதிவது இன்னொரு வம்பு. கும்மி நிமிடத்துக்கு 96 அடியில் தொடங்கி 110-இல் முடிந்தால் அதுதான் கும்மி. வேகம் ஏறுவது ஆட்டத்தின் இயல்பு. தாளம் தட்டுகிறவரையும் பாடுகிறவரையும் ஒன்றாக வைத்துப் பதியுங்கள், கண்ணோடு கண் பார்க்கிற மாதிரி. பின்னால் சேர்க்கிற கருவிகளுக்காக அந்தப் பதிவின் மேல் கணினியில் வேக வரைபடம் போட்டுக்கொள்ளலாம். அதில் அரை நாள் போகும், போகட்டும்.

பதிவு நாள்

ஸ்டுடியோ கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, காகிதத்தைப் பார்த்துப் பாடுவது இவர்களுக்குப் பழக்கமில்லை. பலர் படித்துப் பாடுகிறவர்களும் அல்ல. வீட்டில் ஒரு நல்ல அறை கிடைத்தால் அதுவே மேல். ஓலைக் கூரையோ ஓட்டு வீடோ சிறப்பு. நாலு பக்கமும் சிமெண்ட் பூசின காலி அறை எதிரொலிக்கும். பஞ்சு மெத்தை இரண்டைப் பாடகரின் முதுகுப் பக்கமும் எதிரிலும் நிறுத்தி, கொடியில் சேலைகளைத் தொங்கவிட்டால் பாதி அடங்கும். தகரக் கூரை என்றால் மழைக் காலத்தை விட்டுவிடுங்கள். ஆடி மாதமும் மார்கழி விடியலும் கோயில் ஒலிபெருக்கிக்கு உரியவை, அந்த நாட்களில் தேதி வைப்பது வீண். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி இரண்டையும் அணைத்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியைத் திரும்பப் போட மறக்காமலிருக்கக் கார் சாவியை அதற்குள் வைக்கிற வழக்கம் பதிவுக்காரர்களிடம் உண்டு. மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டினால் சார்ஜர் வழியாக வரும் இரைச்சல் இருக்காது.

இப்படிப்பட்ட அறைக்குக் கண்டென்ஸர் மைக்கைவிட ஷூர் எஸ்எம்58 மாதிரியான டைனமிக் மைக் பாதுகாப்பு. தெருவையும் கோழியையும் குறைவாக வாங்கும். தரையில் உட்கார்ந்தே பாடட்டும், குட்டை ஸ்டாண்ட் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில். அப்போதுதான் "ப" வெடிக்காது, "ச" சீறாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதியுங்கள். சாதாரணமாகப் பாடும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் இருக்கட்டும். தெம்மாங்கில் எட்டிக் கூப்பிடும் இடம் எங்கே வரும் என்று முன்கூட்டியே கேட்டு, அங்கே மைனஸ் 6-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே அவருக்குப் பிடித்த ஆள் ஒருவர் உட்கார வேண்டும். அவரைப் பார்த்துப் பாடுவார். அடுத்த கண்ணியின் முதல் சொல்லை அந்த ஆளே வாயசைத்து எடுத்துக் கொடுக்கலாம். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதியுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அது தேவைப்படும்.

மூன்று தடவைக்கு மேல் ஒரு பாட்டைப் பாடவைக்காதீர்கள். முதல் தடவைப் பதிவே பெரும்பாலும் ஆல்பத்துக்கு நிலைக்கும். இரண்டைச் சேர்க்க வேண்டுமென்றால் கண்ணி கண்ணியாகச் சேருங்கள்; சொல் சொல்லாக ஒட்டினால் மூச்சு பொருந்தாது, கேட்கிறவருக்கு ஏனென்று தெரியாமலே உறுத்தும்.

பின்பாட்டுக்கு ஸ்டுடியோ கோரஸ் வேண்டாம். ஒன்றாக வேலை பார்த்த நாலைந்து பெண்கள் போதும். அவர்களை முன்பாட்டோடு ஒரே நேரத்தில், எட்டடி தள்ளி, தனி மைக்கில் பதியுங்கள். முன்பாட்டின் கடைசி எழுத்து முடிவதற்கு முன்பே அவர்கள் வாங்குவார்கள். அந்தச் சின்ன மேற்படிதல்தான் வயலின் ஒலி. தனியாகப் பதிந்தால் மரியாதையாகக் காத்திருந்து வாங்குவார்கள், எல்லாம் போச்சு.

கருவிகள் பாட்டுக்கு இரண்டு போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். நினைவுப் பாட்டில் சொல் கேட்க வேண்டும். பறை வருகிறதென்றால் தீ மூட்டத் திறந்த இடம் வேண்டும். தோலைக் காய்ச்சினால்தான் நாதம் எழும். குளிரூட்டிய அறைக்குள் போன சிறிது நேரத்தில் தொய்ந்துவிடும், வெளியே வந்து மறுபடி காய்ச்ச வேண்டும். வைக்கோல், காய்ந்த ஓலை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மாடி ஸ்டுடியோவில் இதற்கு இடமில்லை என்று பதிவன்று தெரிந்துகொள்வது நடக்கிற கதைதான். மைக்கை ஐந்தடி தள்ளி வைத்து, அளவை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அடிக்குச்சியின் வெடிப்பும் சிண்டுக்குச்சியின் விளிம்புச் சத்தமும் இரண்டும் தெரிய வேண்டும். தவிலின் வலந்தலையும் தொப்பியும் வேறு வேறு குரல் என்பதால் பக்கத்துக்கு ஒரு மைக் வேண்டும். உறுமியின் இழுப்புக்கு எதிரில் இருந்து அல்லாமல் இழுக்கும் குச்சியின் பக்கத்தில் இருந்து பிடியுங்கள். ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் கருவியே வேண்டாம். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. கூடச் சேர்ந்து வாசிக்கிறவரின் பெயரை "வாத்தியக் குழு" என்று போடுகிற பழக்கத்தை இனியாவது விடலாம். வாசித்தவர் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும், கூலி அன்றன்றைக்கே வேண்டும்.

கலவையில் குரலை முன்னால் வையுங்கள், எதிரொலியைக் குறையுங்கள். சொல் புரிகிறதா என்று பார்க்கப் பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை. பாட்டைத் தெரியாத உறவுக்காரர் ஒருவரிடம் போனிலேயே போட்டுக் காட்டி, எங்கே "என்னது?" என்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் தோல் கருவிகளை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கொஞ்சம் இறக்கினால் சொல் மேலே வந்துவிடும். முடிவில் சத்தம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்), உச்சம் மைனஸ் 1 டெசிபல். இதற்கு மேல் ஏற்றினால் பெரும்பாலான தளங்கள் தாங்களே இறக்கிக்கொள்ளும். பறையின் வெடிப்புத்தான் நசுங்கியிருக்கும்.

வரிசை வைக்கும்போது ஒப்பாரியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வைத்து, அடுத்த பாட்டுக்கு முன் ஐந்தாறு விநாடி மௌனம் விடுங்கள். பிறகு ஒரு கேலிப் பாட்டு வரட்டும். சாவு வீட்டில் மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிடுகிறதே. நடுநடுவே பேச்சு வைக்க ஆசைப்பட்டால் இரண்டு இடத்தோடு நிறுத்துங்கள். தனித் தடமாக வைத்தால் அரை நிமிடத்துக்கு மேல் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு; 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத தடத்துக்கு 2024 முதல் அங்கே பதிவுக்கான பணமும் இல்லை. நாட்டுப்பாட்டு ஆல்பத்தில் பாதித் தடங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடும் என்று எதிர்பார்த்தே செலவு செய்யுங்கள்.

யார் சொத்து

இதைப் பதிவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பரம்பரை மெட்டு யாருக்கும் சொந்தமில்லை. அதன் மேல் அவர் கட்டிய சொல் அவருடையது. எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் "மெட்டு: பாரம்பரியம், பாட்டு: இன்னார்" என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். மெட்டையும் மாற்றிக் கட்டியிருந்தால் அதையும் குறியுங்கள். வரியைச் செப்பம் செய்த மருமகனுக்குப் பங்கு உண்டா, எவ்வளவு என்பதைக் காகிதத்தில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சொல்லைத் தேடிக் கொடுத்தது உதவி. கண்ணியையே எழுதியது பங்கு.

பணம் போட்டு ஒலிப்பதிவை ஏற்பாடு செய்கிறவர்தான் சட்டப்படி அந்தப் பதிவின் தயாரிப்பாளர். பதிவின் உரிமை பொதுவாக அவருக்குப் போகும், பாட்டின் உரிமை போகாது. இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி "மொத்த உரிமையும் எழுதிக் கொடுத்தேன்" என்று ஒரு தொகைக்குக் கைநாட்டு வாங்குவது இன்னும் நடக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டின் ஆசிரியர் ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். ஒப்பந்தத்தில் காலம் குறிக்கவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்கவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், வேறுவிதமாக எழுதப்படாத பட்சத்தில், அந்த உரிமை காலாவதியாகும். ஆகவே "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொற்கள் கண்ணில் பட்டால் கையெழுத்தை நிறுத்தி வைத்துப் பேசுங்கள்.

பாட்டு ஆசிரியரின் உரிமை அவர் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும் நிற்கும். வயதானவர் என்றால் வாரிசு யார் என்பதை இப்போதே எழுதி வைப்பது முக்கியம். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் பதிந்து வைத்தால் சண்டை வரும்போது கைகொடுக்கும். பாட்டு வரிக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். விண்ணப்பித்த பின் எதிர்ப்புக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிவிட்டால், வானொலியிலும் இணையத்திலும் ஒலிக்கும்போது வரும் பங்கு அந்த வழியாக வரும்.

வெளியிடும் நிறுவனத்தின் படிவத்தில் யூடியூப் கன்டென்ட் ஐடி (உங்கள் பாட்டோடு ஒத்துப்போகும் காணொளிகளைக் கண்டுபிடித்து உரிமை கோரும் ஏற்பாடு) என்று ஒரு பெட்டி இருக்கும். பரம்பரை மெட்டில் உள்ள பாட்டுக்கு அதை யோசிக்காமல் டிக் செய்தால், அதே மெட்டைப் பாடிய பக்கத்து ஊர்க்காரரின் காணொளிக்கு உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போகலாம். விலைக்கு வாங்கிய லூப் சத்தங்களை (ஆயத்தமாகக் கிடைக்கும் இசைத் துண்டுகளை) சேர்த்திருந்தால் எதிர்த் திசையில் உங்களுக்கே கோரிக்கை வரும். வந்தால் எதிர்த்து வாதாட, தனித்தனித் தடங்களாக உள்ள மூலப் பதிவுக் கோப்புகள்தான் சான்று.

வெளியே போவது

அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல். ஒவ்வொரு தடத்துக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி குறியீடு வேண்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்டது. வெளியீட்டு நிறுவனங்களே பெரும்பாலும் தருகின்றன. பாடகர் பெயரின் ஆங்கில எழுத்துக்கோவையை முதல் நாளே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். ஓர் எழுத்து மாறினால் தளம் அவரை இரண்டு ஆளாக்கிவிடும், பிறகு சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பாடலாசிரியர் பெயருக்குரிய கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்பே கோப்புகளை ஏற்றுங்கள்.

அவருடைய பாட்டைக் கேட்க வேண்டியவர்களில் பலருக்கு ஸ்ட்ரீமிங் சந்தா கிடையாது. பென்டிரைவில் எம்பி3-யாகப் போட்டு, திருவிழாக் கச்சேரி மேடையின் ஓரத்தில் விற்றால் கையில் காசு வரும். டிராக்டரிலும் மினி பஸ்ஸிலும் அதுதான் ஓடும். கூடவே பாட்டு வரிகள் அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகம், கடைசிப் பக்கத்தில் "கவலை", "சால்", "காந்தல்" போன்ற சொற்களுக்கு ஒரு வரி விளக்கம். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம்தான் வேண்டியிருக்கும்.

மூலக் கோப்புகளை மூன்று பிரதி வையுங்கள்: இரண்டு வன்தட்டு, ஒன்று இணையச் சேமிப்பு, வன்தட்டு இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை செருகி, திறக்கிறதா என்று பாருங்கள். ஆல்பத்தில் சேராத மீதிப் பாட்டுகளின் பதிவையும் எழுத்துப் படியையும் ஓர் ஆய்வு மையத்துக்குக் கொடுக்கலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் விசாரியுங்கள். கொடுக்கும்போது, ஆய்வுக்குக் கேட்கலாம், வணிகப் பயன்பாட்டுக்குக் குடும்பத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று ஒரு கடிதம் சேர்த்துக் கொடுங்கள். ஒப்பாரியைப் பொதுவில் வைக்கலாமா என்பதை மட்டும் அந்தக் கடிதத்தில் தனி வரியாக, பாடியவரிடமே கேட்டு எழுதுங்கள்.